கலாராணி சாப்பிட்டது மோகனராஜுக்கு ஒட்டியது

கலாராணி சாப்பிட்ட சாப்பாடு அவள் கணவன் மோகனராஜின் உடம்பிலும் ஒட்டத் தொடங்கியது ஒரு வைகாசி மாதச் செவ்வாய்க்கிழமை, காலை ஏழேகால் மணிக்கு. அவர்கள் குடியிருந்த மஹய்யாவையில் அன்று குழாயில் தண்ணீர் வரவில்லை என்பதையும் சேர்த்தே ஆட்கள் அதை நினைவில் வைத்திருக்கிறார்கள்.

அதற்கு இரண்டு மாதம் முன்னால், கடுகண்ணாவையில் ஒரு கராஜில் வேலை பார்த்த மோகனராஜுக்குக் குடல் முறுக்கி, அழுகிப்போன பகுதியை வெட்டி எடுத்திருந்தார்கள். டொக்டர் பளீல் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். "இரைப்பை சாப்பாட்டை அரைச்சுக் கூழாக்கும், தங்கச்சி. பித்தமும் கணைய நீரும் அதை உடைக்கும். ஆனா சத்தை உறிஞ்சி ரத்தத்துக்குக் குடுக்கிறது சிறுகுடல்தான். இருபதடி இருக்கணும். இவருக்கு மிச்சம் ரெண்டடி." என்ன கொடுக்கலாம் என்று அவள் கேட்டாள். "எதையும் குடுக்கலாம். ஒட்டாது" என்றார். அறுபத்தெட்டு கிலோ மனிதன் நாற்பத்தொன்றுக்கு வந்திருந்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, நகரத்தில் தெருக்கூட்டும் வேலைக்குக் கிளம்பிய கலாராணி, அடுப்படியில் நின்றபடியே பழைய சோற்றைக் கொச்சிக்காய் கடித்துத் தின்றாள். எல்லாரும் சாப்பிட்ட பிறகு, மிஞ்சியதை, நின்றுகொண்டு தின்பதுதான் அவள் வழக்கம். உள்ளே வெறும் தண்ணீர் மட்டும் குடித்துப் படுத்திருந்த மோகனராஜ் வயிற்றைப் பிடித்தான். "ராணி, வயிறு எரியுது. காரமா ஏதாச்சும் தின்னியா?" முக்கால் மணி நேரத்தில் அவன் உதட்டில் நிறம் ஏறியது.

டொக்டர் பளீல் மூன்று நாள் பரிசோதித்தார். கலாராணி வத்தேகமவில் தங்கை வீட்டில் சோறு தின்ன, இங்கே மோகனராஜின் இரத்தத்தில் சீனி கூடியது. தூரம் ஒரு பொருட்டல்ல என்று கண்டு, கிளினிக் அட்டையில் 'உணவு: மனைவி வழியாக' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சிக்கல் பெரஹரா திருவிழா நாட்களில் வந்தது. ஊர்வலம் போன தெருக்களில் குப்பை மலைபோலக் கிடக்க, கலாராணி விடியற்காலையிலிருந்து மூன்று மணிவரை ஒரு பிளேன்டீயோடு கூட்டினாள். வீட்டில் மோகனராஜ் குழாயடியில் விழுந்துவிட்டான். தகவல் கேட்டு ஓடிவந்தவளைப் பக்கத்து வீட்டுப் பாப்பம்மா வாசலிலேயே மறித்தாள்.

"நீ என்னடி சாப்பிட்ட?"

"பசிக்கல அக்கா."

"பொய் சொல்லாத."

அது பொய்தானா என்று கலாராணிக்கே தெரியவில்லை. அவளுக்குப் பசிக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை, அவளும் கேட்டுக்கொண்டதில்லை. பாப்பம்மா கொடுத்த பணிஸ் ரொட்டியைக் கணவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அழுதுகொண்டே மென்றாள். இரண்டாவது பணிஸில் அவன் கண்ணைத் திறந்தான். "அழுதுகிட்டே தின்னாத ராணி. காத்து உள்ள போயி எனக்கு ஏப்பமா வருது."

மறுநாள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தவன் சோறாக்கி, பருப்பு வைத்து, கீரை சுண்டினான். அவளைக் கதிரையில் உட்காரவைத்து முதல் தட்டை அவள் முன்னால் வைத்தான். கல்யாணம் முடிந்து இருபத்திரண்டு வருடம் ஆகியிருந்தது. முதல் வாயை எடுத்தபோது எங்கே பார்ப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. "நல்லா மென்னு தின்னு," என்றான் எதிரில் உட்கார்ந்து. "வேலை வாயிலயே ஆரம்பிக்குதாம், டொக்டர் சொன்னாரு."

இரண்டு வருடத்தில் அவன் அறுபது கிலோவானான். பல காலமாக இரத்தம் குறைந்திருந்த கலாராணிக்கும் மூச்சிரைப்பு நின்று, கன்னத்தில் சதை பிடித்தது. அவன் கராஜுக்குத் திரும்பினான். பகல் பன்னிரண்டரைக்கு, தெருக்கூட்டுகிறவர்களை மேற்பார்வை பார்க்கும் நிலூஷா தன் சிங்களத் தமிழில், "கலா, சாப்பிடு, உன் மாத்தயாவுக்குப் பசி" என்பாள். கலாராணி வாவிக்கரை மரத்தடியில் பார்சலைப் பிரிப்பாள். அந்நேரத்தில் கராஜில் மோகனராஜுக்கு யாரும் வேலை சொல்வதில்லை.

போன வெள்ளிக்கிழமை அவள் பாதியில் பார்சலை மடித்தாள். போன் அடித்தது.

"இன்னும் ரெண்டு வாய் தின்னு, ராணி. பசிக்குது."

"உங்களுக்கா, எனக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான்."

அவள் பார்சலைத் திரும்பப் பிரித்தாள்.