முதல் பீஸ்

என் கணவர் முகேஷ் வாயைத் திறந்தால் ‘செட்’தான். பெங்களூரு பொம்மசந்திராவில் ஒரு ஃபேக்டரியில் மெஷின்களைச் சரிப்படுத்திக் கொடுக்கும் செட்டர். அந்த வார்த்தையை அங்கேயே விட்டுவிட்டு வரக் கூடாதா? தயிர் செட் ஆச்சா, இந்த பிளவுஸ் உனக்கு செட் ஆகல, தலைவலிக்கு அந்த மாத்திரைதான் செட் ஆகுது. ஓட்டலுக்குப் போனாலும் செட் தோசை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

செட் பண்ணிய மெஷினில் முதல் பீஸ் சரியாக வரும்வரை செட்டர் நகரவே கூடாதாம். சோறு போடும்போதெல்லாம் அந்தக் கதையும் கேட்டாயிற்று.

போன திங்கட்கிழமை அல்சூரில் ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தேன். அவர்தான் பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். கம்ப்யூட்டரில் பில்லைத் தப்பாகப் போட்டேன், மேனேஜர் முறைத்தார். மதியம் டிபன் டப்பாவோடு வெளியே வந்தால், எதிர் டீக்கடையில் இவர் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

“இன்னும் போகலையா? டியூட்டி இல்ல?”

“லீவு சொல்லிட்டேன். செட் ஆயிடுச்சா சரளா?”

ஆயிடுச்சு என்றால் உடனே கிளம்பிவிடுவார்.

“இன்னும் இல்ல” என்றேன்.