மரண அறிவித்தலுக்கு முந்திய விளம்பரம்

அந்தக் கடையின் பெயரை இங்கும் நான் எழுதப்போவதில்லை. அன்றும் எழுதவில்லை. எழுதியிருந்தால் முதல் நாளே என் வாயை அடைத்திருப்பார்கள்.

என் தங்கை சஞ்சீவனி கண்டி நகரத்தில் ஒரு சிறிய தமிழ் வானொலியில் வேலை பார்த்தாள். செய்தி வாசிப்பவள் அல்ல. விளம்பரக் குரல். கெலிஓயாவில் புரியாணிக் கடை, கம்பளையில் மெத்தை தைக்கிறவர், கட்டுகஸ்தோட்டையில் பாதணிக் கடை என்று காலை பஸ்ஸில் ஒரு கொப்பியோடு போவாள். கடையில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு, முதலாளி வாடிக்கையாளரிடம் பேசுவதை அரை மணித்தியாலம் கேட்பாள். பிறகுதான் எழுதுவாள்.

"அவங்க வாயில வராத வார்த்தைய நான் சொன்னா சனம் சிரிக்கும்க்கா," என்பாள்.

பல கடைகள் அவளுக்குச் சாமானாகவே ஏதாவது கொடுப்பார்கள். சேலை, பிளாஸ்க், ஒரு முறை இரண்டு முயல்குட்டிகள். எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. மாநகர சபையில் எழுத்து வேலை பார்க்கும் இலிகிதர் நான். வாடகைக்கு எடுத்த மேல்வீட்டில் நாங்கள் இருவர்தான்.

மின்சாரச் சாமான் கடை வைத்திருந்த மயில்வாகனம் முதலாளி, தண்ணீர் சுடவைக்கும் ஹீட்டர் ஒன்றைக் கொடுத்துத் தன் ஆட்களை அனுப்பி எங்கள் குளியலறையில் பூட்டியும் கொடுத்தார். அந்த ஹீட்டருக்குத்தான் அவள் விளம்பரம் செய்திருந்தாள். "கண்டிக் குளிருல காலங்காத்தால பச்சத்தண்ணியா? ஐயோ வேணாம்! சுவிட்ச போடுங்க, சுகமா குளிங்க!" அந்த "ஐயோ"வை அவள் சொல்லும் விதத்துக்காகவே சின்னப் பிள்ளைகள் அதைப் பாடிக்கொண்டு திரிந்தார்கள்.

பூட்டிப் பத்தொன்பதாம் நாள், நவம்பர் பதினேழாம் திகதி காலை ஆறரைக்கு, குளியலறையில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. கதவை உடைத்துக்கொண்டு போய் அவள் தோளைப் பிடித்தேன். மின்சாரம் என்னையும் தூக்கி எறிந்தது. எனக்கு இடது கையில் இரண்டு விரல்கள் இப்போதும் மடங்காது. அவளுக்கு முப்பத்தொரு வயது.

பொலிஸ் வந்தது, மரண விசாரணை அதிகாரி வந்தார், மின்சாரம் தாக்கித் தற்செயலான மரணம் என்று எழுதினார்கள். மூன்றாம் நாள் நாங்கள் மயானத்தில் இருந்த நேரத்தில், கடையிலிருந்து இரண்டு பேர் வந்து ஹீட்டரைக் கழற்றிக்கொண்டு போனார்கள். "செக் பண்ணிட்டுத் தாறோம்" என்று கீழ்வீட்டு வடிவம்மாவிடம் சொன்னார்களாம். நான் வந்து பார்த்தபோது சுவரில் இரண்டு வயர்கள் நீட்டிக்கொண்டிருந்தன. சிவப்பு, கறுப்பு. தெரிந்த மின்சார வேலைக்காரர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டினேன்.

"பச்சை எங்க?" என்றார் அவர். "எர்த் வயர். அது இருந்திருந்தா தங்கச்சிக்கு ஒன்னும் ஆகியிருக்காது. பழைய வீடுகள்ல எர்த் இருக்காது, புதுசா இழுக்கணும். இழுக்கச் சொன்னா சனம் ஹீட்டரே வேணாமுங்கும். அதனால சில பேர் இப்படியே பூட்டிட்டுப் போயிடுறானுங்க."

மயில்வாகனத்திடம் போனேன். கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்து அழுதார். நான் வயரைப் பற்றிக் கேட்டதும் கையை விட்டார்.

"எங்க ஆளுக மூணு வயருந்தாம்மா போடுவாங்க. தங்கச்சிய நீங்க இழுத்த இழுவையில ஒன்னு அறுந்து போயிருக்கும்."

"அப்ப ஹீட்டரக் காட்டுங்க."

"அது கம்பெனிக்குப் போயிட்டு."

எந்தக் கம்பெனி என்று கேட்டேன். அவர் வாடிக்கையாளர் பக்கம் திரும்பிவிட்டார்.

இதற்குமேல் ஒன்றும் நடக்காமல் இருந்திருந்தால், நானும் மற்றவர்களைப் போல அழுது ஓய்ந்திருப்பேனோ என்னவோ. எட்டுக்கிரியை முடிந்து வேலைக்குப் போன முதல் நாள், மதியம் பன்னிரண்டு முப்பத்தொன்பதுக்கு, சபைக்கு எதிரில் உள்ள சாப்பாட்டுக் கடையில் அவள் குரல் கேட்டது. ஐயோ வேணாம். சுவிட்ச போடுங்க, சுகமா குளிங்க.

சோற்றை அப்படியே வைத்துவிட்டு வானொலி நிலையத்துக்கு நடந்தேன். விளம்பரப் பகுதியில் இருந்தவர் இப்திகார். சஞ்சீவனியோடு ஆறு வருடம் வேலை செய்தவர். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"நான் ரெண்டு தரம் சொல்லிட்டேன் அக்கா, வேற குரல்ல எடுப்போம்டு. அந்த மனுசன் கேக்கிறாரில்ல. சித்திரை வரைக்கும் ஒப்பந்தம் ஈக்கு. அந்தப் புள்ளட குரல்தான் ராசியாம். அது வந்த பொறகுதான் யாவாரமாம்."

"அவ செத்துட்டான்னு தெரிஞ்சுமா?"

"அதையும் கேட்டேன். 'ரேடியோவில உயிரோட தானே இருக்கா, அக்காவுக்கும் சந்தோசமா இருக்கும்'டு சொல்றார்."

அந்த இடத்தில்தான் எனக்கு அழுகை நின்றது. அதற்குப் பிறகு வெகுகாலம் வரவில்லை.

அந்த நேரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பன்னிரண்டு நாற்பதுக்கு அந்த வானொலியில் மரண அறிவித்தல் போகும். எந்தத் தோட்டத்தில் யார் இறந்தார், எப்போது எடுக்கிறார்கள் என்று கேட்பதற்காக அந்த நேரத்தில் மலைநாடே காதைக் கொடுக்கும். கடைகளில் பேச்சு அடங்கும், பஸ்ஸில் சத்தத்தைக் கூட்டச் சொல்வார்கள். ஆகவே அதற்கு முந்திய நிமிடத்துக்குத்தான் கடைக்காரர்களிடையே அடிபிடி. நிலையத்தில் அதற்குச் 'சாவு நிமிசம்' என்றே பெயர். மயில்வாகனம் அதை ஒரு வருடத்துக்குப் பிடித்து வைத்திருந்தார்.

முப்பத்தோராம் நாளுக்கு நினைவு அறிவித்தல் கொடுப்பது வழக்கம். நான் ஒரு கிழமை இருந்து அதை எழுதினேன். பன்னிரண்டு தரம் அடித்து எழுதினேன். கடைசியில் நின்றது இவ்வளவுதான்:

'அமரர் சஞ்சீவனியின் முப்பத்தோராம் நாள் நினைவு. குளிக்கும்போது ஹீட்டரில் மின்சாரம் தாக்கி இறந்தார். சுவரில் சிவப்பு, கறுப்பு என்று இரண்டு வயர்கள் மட்டுமே இருந்தன. பச்சை நிற எர்த் வயர் இருக்கவில்லை. உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்த அறிவித்தலுக்கு முன் நீங்கள் கேட்ட பெண்குரல் அவருடையது. இங்ஙனம், அக்கா பிரியாந்தினி.'

இப்திகார் அதை வாசித்தார். மறுபடியும் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கடைப் பேரு இல்ல," என்றார்.

"இல்ல."

"முதலாளிட பேரும் இல்ல. பொய்யும் ஒன்டும் இல்ல." தாளை மேசையில் வைத்தார். "மரண அறிவித்தல்ல குடும்பம் எழுதினத நாங்க வெட்ட மாட்டோம். அது இங்க சட்டம் மாதிரி. நீங்க இதத் தெரிஞ்சுதான் எழுதிருக்கிறீங்க."

"ஆமா."

"மெய்யாலுமே பயமா ஈக்கு அக்கா. ஆனா போடுறேன்."

டிசம்பர் பதினேழாம் திகதி அதே சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தேன். தங்கை கலகலவென்று குளிக்கச் சொன்னாள். அது முடிந்த கையோடு, இன்னொரு பெண் நிதானமான குரலில் அவள் எப்படி இறந்தாள் என்று வாசித்தாள். கடையில் பரிமாறிக்கொண்டிருந்தவர் கரண்டியோடு அப்படியே நின்றார். பக்கத்து மேசையில் ஒருவர், "அடப்பாவிகளா, எங்க வீட்டுலயும் அதாண்டா பூட்டியிருக்கு," என்று கைபேசியை எடுத்தார்.

எனக்குப் பசித்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

மூன்று மணிக்கு மயில்வாகனம் அழைத்தார். "என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க? பன்னெண்டே முக்கால்ல இருந்து போன் வெக்க முடியல!"

"நான் உங்களப் பத்தி ஒன்னும் சொல்லலியே முதலாளி."

"எல்லாம் விளங்குதும்மா. பிள்ளைக்கு ஆத்மசாந்தி வேணாமா?"

"அவ ரேடியோவில உயிரோட தானே இருக்கா," என்றேன்.

புத்தியுள்ள மனிதராக இருந்தால் அன்றே குரலை மாற்றியிருப்பார். மாற்றவில்லை. டிசம்பரும் ஜனவரியும் ஹீட்டர் விற்கும் மாதங்கள். ராசியான குரலை நடுவில் எடுத்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று நம்பினார். ஒரு தரம் கொடுத்தாயிற்று, இனி ஆண்டுத் திவசத்துக்குத்தானே கொடுப்பாள் என்றும் நினைத்திருப்பார். எல்லாரும் அப்படித்தான் கொடுப்பார்கள். நான் ஜனவரி பதினேழாம் திகதி 'இரண்டாம் மாத நினைவு' என்று கொடுத்தேன். அதே வாசகம், அதே நிமிடம்.

அதன் பிறகுதான் அவர் அவள் குரலை எடுத்துவிட்டு வேறொரு பெண்ணைப் பேசவைத்தார். பெப்ரவரி அறிவித்தலில் ஒரே ஒரு வரியை மாற்றினேன்: 'இதே நேரத்தில் முன்பு நீங்கள் கேட்டு, இப்போது கேட்காத பெண்குரல் அவருடையது.' முந்தைய இரண்டையும்விட அதுதான் ஆழமாகப் போனது. பழைய குரலை ஏன் எடுத்தார்கள் என்று சனம் கடையிலேயே போய்க் கேட்டது. பச்சை வயர் இல்லாத ஹீட்டர்களைக் கழற்றிக் கொண்டுவந்து கடை வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். வேலை முடிந்து போகும்போது பஸ்ஸை விட்டு இறங்கி, எதிர்ப்பக்கம் நின்று அதைப் பார்த்துவிட்டுப் போவேன். கோயிலுக்குப் போவது போல ஒழுங்காகப் போனேன். இதை எழுத எனக்கு வெட்கமில்லை.

மார்ச் மாதம் முதல் கிழமை அவர் சபைக்கே வந்தார். வரிசையில் நின்று என் யன்னலுக்கு வந்தார். மெலிந்திருந்தார்.

"ஒரு பல்பு வாங்கக்கூட ஆள் வரலம்மா," என்றார் தணிந்த குரலில். "என்ன வேணும்னு சொல்லுங்க. நான் செய்யிறேன்."

"ரேடியோவில பேசணும். நீங்களே, உங்க வாயால. அதே நிமிசத்துல."

"என்னன்னு?"

தாள் மேசை லாச்சியில் இருந்தது. ஜனவரியிலேயே எழுதி வைத்திருந்தேன். எடுத்து நீட்டினேன். அவர் நின்றபடியே வாசித்தார். எர்த் இல்லாத வீடுகளிலும் தெரிந்தே பூட்டினோம். சஞ்சீவனி வீட்டிலும் அப்படித்தான் பூட்டினோம். அவர் இறந்த மூன்றாம் நாள் ஹீட்டரைக் கழற்றி எடுத்துவரச் சொன்னது நான். எங்களிடம் ஹீட்டர் வாங்கிய எல்லாருக்கும் எர்த் இழுத்துக் கொடுப்போம், அதுவரை சுவிட்சைப் போடாதீர்கள்.

"இதச் சொன்னா நான் முடிஞ்சேன்," என்றார்.

"தெரியும்."

"பொலிஸ் வரும்மா."

"வரட்டும்."

வரிசையில் பின்னால் நின்ற ஒரு மனிதர், "ஐயா, சீக்கிரம் பாருங்க, எங்களுக்கும் வேலை இருக்கு," என்றார். மயில்வாகனம் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"சொன்னா மாசம் மாசம் குடுக்கிறத நிப்பாட்டுவீங்களா?"

"நிப்பாட்டுவேன்."

மார்ச் பதினான்காம் திகதி பிற்பகல் ஒலிப்பதிவு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மயில்வாகனம், இந்தப் பக்கம் இப்திகாரும் நானும். முதல் தடவை 'தெரிந்தே' என்ற சொல்லை விழுங்கிவிட்டார். திருப்பிச் சொல்ல வைத்தேன். இரண்டாவதில் 'கழற்றச் சொன்னது நான்' என்பதை 'நாங்க' என்றார். திருப்பிச் சொல்ல வைத்தேன். ஐந்தாவதில் இருமினார். ஏழாவதில் தங்கையின் பெயர் வந்த இடத்தில் குரல் உடைந்து, தாளை முகத்தில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். ஆனாலும் ஒரு வரி விடாமல் வாசித்து முடித்தார்.

இப்திகார் பதிவை நிறுத்தினார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. "இது சரி அக்கா. இதையே போடுவோம். மனசில இருந்து வந்திருக்கு."

"வேணாம்."

"ஏன் அக்கா? இதுக்கு மேல என்ன வேணும்?"

"இதக் கேட்டா சனம் அவருக்காக அழும்," என்றேன். "பாவம் மனுசன்னு சொல்லும். நாளைக்கே கடைக்குப் போகும்."

இப்திகார் என்னைப் பார்த்த பார்வை எனக்கு நினைவிருக்கிறது. ஆறு வருடமாகப் பழகிய வீட்டில் முன்பின் தெரியாத ஒருத்தியைக் கண்டது போலப் பார்த்தார். நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய் மயில்வாகனத்துக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்தேன். குடித்தார். மூக்கைச் சிந்தி, கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்தார். தொண்டை தெளியும்வரை பத்து நிமிடம் பக்கத்திலேயே நின்றேன்.

"முடிஞ்சுதாம்மா?" என்று கேட்டார்.

"இல்ல முதலாளி. அழாமச் சொல்லணும். கடையில ஆள் வந்தா ஹீட்டர் என்ன விலைன்னு சொல்லுவீங்கள்ல, அந்தக் குரல்ல சொல்லுங்க."

வெளியே வந்து கதவைச் சாத்தினேன். இப்திகார் பொத்தானை அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. மயில்வாகனம் தாளை நேராகப் பிடித்துக்கொண்டு, கண்ணாடி வழியாக என் முகத்தைப் பார்த்து, முதல் வரியிலிருந்து தொடங்கினார்.