அடுத்த மாசக்காரன்

அடிநட்டைக் கழற்றியும் எண்ணெய் இறங்கவில்லை. லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்தபடி கம்பியை ஓட்டைக்குள் விட்டுக் குடைந்தேன். தார் மாதிரி ஒரு கட்டி நழுவி நேராக என் கழுத்தில் விழுந்து காலருக்குள் இறங்கியது. வாய் நிறையக் கெட்ட வார்த்தை வந்தது. லாரிக்காரர் பக்கத்திலேயே நின்றதால் விழுங்கிக்கொண்டேன்.

"கடைசியா எப்பங்க ஆயில் மாத்துனீங்க?"

"கொறைஞ்சா ஊத்திப்போடுவேனுங்க பாய்," என்றார் தம்பிதுரை.

"ஊத்துனா ஆச்சுங்களா? பழசக் கழிச்சு உடோணுமில்லீங்க?"

அதற்கு அவர் சொன்ன நியாயத்தை எங்கே போய்ச் சொல்ல. அப்பா போனபின் அண்ணன் தம்பி இருவரும் தோட்டத்தை அளந்து பிரித்துக்கொண்டார்கள். லாரியை அறுக்க முடியாதே. அதனால் ஆளுக்கு ஒரு மாதம் என்று முறை வைத்தார்களாம். "நா புது ஆயில் ஊத்துனா அவனல்லங்க சொகமா ஓட்டுவான்? அவனே மாத்தட்டும்னு உட்டுப்போட்டனுங்க." கோபியில் இருக்கும் தம்பி சென்னகிருஷ்ணனும் இப்படியே விட்டிருக்கிறான். இன்று ஒண்ணாம் தேதி. வண்டியை அவனிடம் ஒப்படைக்கப் போகும் வழியில், அன்னூரில் என் பட்டறை வாசலில் எஞ்சின் நின்றுவிட்டது.

கேபினில் ஒரு வயதான அம்மா கட்டைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எங்கம்மா, பழனாத்தா. அவிகளுக்கும் இந்த மாசம் அவன் ஊடுதானுங்க."

எஞ்சினின் அடித்தொட்டியைக் கழற்றி இறக்கினேன். நாலு விரல்கடை கறுப்புக் கசடு. எண்ணெய் உறிஞ்சும் சல்லடை அதில் புதைந்தே கிடந்தது. கரண்டியால் வழித்தும் வராமல் கையால் அள்ளினேன். அள்ள அள்ள நகக்கண்ணெல்லாம் ஏறியது. எத்தனையோ எஞ்சினைப் பிரித்தவன் நான், இப்படி ஒரு அசிங்கத்தில் கை வைத்ததில்லை. அழுகல் நாற்றம் வேறு அடித்தது. தொட்டியைப் பின்பக்கம் கொண்டுபோய் டீசல் ஊற்றி ஊறவைத்துவிட்டுத் திரும்பினேன். நாற்றம் வண்டியிலேயே இருந்தது.

எலி ஏதாவது செத்திருக்கும் என்று கேபின் கதவைத் திறந்தேன். அந்த அம்மா அவசரமாகச் சேலையைக் கால்மேல் இழுத்துவிட்டார். அதற்குள் பார்த்துவிட்டேன். துண்டுத்துணி சுற்றிய வலது கால். பெருவிரல் கறுத்து, ஓரத்தில் சீழ் கசிந்து, ஈ மொய்த்தது.

"செருப்பு கடிச்சுது கண்ணு. எனக்குச் சக்கரை இருக்குதல்ல, ஆறமாட்டீங்குது. பெரியவன், சின்னவன் ஊட்டுக்குப் போயிப் பாத்துக்கம்மான்னான். சின்னவன் அண்ணன் ஊட்டுல காட்டிக்கன்னான்."

கசடுக்கு வராத வாந்தி எனக்கு அப்போது வந்தது. சாக்கடை ஓரமாக உட்கார்ந்து எடுத்தேன். அந்தக் காலைப் பார்த்து வந்ததல்ல அது.

"வண்டி கெடக்கட்டுங்க. மொதல்ல அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"ஒண்ணாந்தேதி பொறந்துபோச்சுங்க பாய். இனி அவன் பாடு," என்றபடி தம்பிதுரை போனில் தம்பியைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் அவன் குரல் பட்டறை முழுக்கக் கேட்டது.

"எங்கூட்டு வாசப்படி ஏறுனாத்தாண்ணா எம்மாசம். அதுமுட்டும் உம்பட பொறுப்பு."

இவர்களிடம் பேசுவதே பாவம் என்று தோன்றியது. கறுத்த கையாலேயே என் போனை எடுத்து 108க்கு அடித்தேன். ஊரைக் கேட்டார்கள், வயதைக் கேட்டார்கள், சொன்னேன்.

"பேஷண்டுகூட யாருங்க வர்றாங்க?"

போனைத் தம்பிதுரையிடம் நீட்டினேன். அவர் கையைக் காட்டி என்னை இருக்கச் சொல்லிவிட்டு, தம்பியிடம் கத்திக்கொண்டே சாலைப் பக்கம் நடந்தார். "ஹலோ, கூட யாருங்க?" என்று போன் மறுபடியும் கேட்டது.

மேலே அந்த அம்மா கட்டைப்பையிலிருந்து ஒரு செய்தித்தாளை எடுத்து, நாலாக மடித்து, சீட்டில் கறை பட்டுவிடாமல் அந்தக் காலுக்கு அடியில் விரித்துக்கொண்டிருந்தார்.