அறுபத்தேழு புள்ளி இரண்டு

பகல் பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருந்தபோது எப்சியின் போன் அடித்தது.

பம்மலில், பழைய தோல் தொழிற்சாலைச் சுவரை ஒட்டி அவளுடைய பட்டறை. மின்சார ஸ்கூட்டர்களின் பேட்டரியைப் பிரித்துச் சரிசெய்து கொடுப்பது தொழில். அழைத்தவன் தினகரன். பெரும்பாக்கம் குடியிருப்பில் ஆறாவது மாடி. சாப்பாடு டெலிவரி வேலை.

"அக்கா, ஒரு டவுட்டு. பழைய சார்ஜர் புட்டுக்கிச்சி. ஆன்லைன்ல புதுசு வாங்கினேன். திருகி வோல்ட் ஏத்தி எறக்கலாம். எல்லா பேட்டரிக்கும் ஆவும்னு போட்டுக்கீது."

"சரி."

"நீ சொன்னியே, அறுபத்தேழு புள்ளி ரெண்டுன்னு. எவ்ளோ திருகினாலும் அறுபத்திரண்டுலயே நிக்குது. டூப்ளிகேட்டு போல. ரிட்டர்ன் போட்டுடவா?"

எப்சி கையிலிருந்த சால்டரிங் அயர்னை ஸ்டாண்டில் வைத்தாள்.

"திருகும்போது பேட்டரி மாட்டியிருந்துச்சா?"

"மாட்டாம எப்டிக்கா திருகறது?"

"எதுவரைக்கும் திருகின?"

"அது போற வரைக்கும்."

"இப்ப பேட்டரி எங்க?"

"வூட்ல சார்ஜ் ஏறிக்கினு கீது. பதினொண்ணுக்குப் போட்டேன். நான் மச்சான் வண்டில முடிச்சூர் வந்துட்டேன், ஆர்டரு."

சார்ஜர் நல்ல சார்ஜர்தான். பேட்டரியை மாட்டிவிட்டால் திரையில் தெரிவது பேட்டரியின் வோல்ட். திருகு அந்த எண்ணை நகர்த்தாது. எங்கே போய் நிறுத்த வேண்டும் என்ற எல்லையைத்தான் நகர்த்தும். வெறும் சார்ஜரில் எண்ணை வைத்துவிட்டு அப்புறம் பேட்டரியை மாட்ட வேண்டும். தினகரன் தலைகீழாகச் செய்திருந்தான். எண் ஏறவில்லையே என்று திருகித் திருகி, எல்லையைத் தொண்ணூறுக்குக் கொண்டு போயிருந்தான்.

மேலே 60 என்று ஒட்டியிருந்தாலும் அந்த பேட்டரி அறுபத்தேழு புள்ளி இரண்டில் நிறைந்துவிடும். எப்சி மனதுக்குள் கணக்குப் போட்டாள். முப்பது ஆம்பியர்-ஹவர் கொள்ளளவு. பதினொன்றுக்கு மாட்டும்போதே முக்கால்வாசி இருந்திருக்கும். சார்ஜர் மணிக்குப் பத்து வீதம் தள்ளினால் ஒரு மணி நேரத்துக்குள் நிறைந்துவிடும்; அதற்கு மேலும் ஏறினால் தீப்பிடிக்கும்.

மணி பன்னிரண்டு.

சாதாரணமாக இதற்குப் பயமில்லை. பேட்டரிக்குள் பி.எம்.எஸ். என்று ஒரு போர்டு உண்டு; அளவு மீறினால் அதுவே துண்டித்துவிடும். இதில் அந்த போர்டு கருகிப் போயிருந்தது. புதியது வெள்ளிக்கிழமைதான் வரும். ஒரு பார்ட் வர வேண்டும் என்று மட்டும்தான் தினகரனிடம் சொல்லியிருந்தாள். "ஒரு வாரம் ஓட்டிக்கிறேன்கா" என்று தினகரன் கெஞ்ச, எப்சி போர்டை ஒதுக்கிவிட்டு நேராக இணைத்துக் கொடுத்திருந்தாள். பழைய சார்ஜரிலேயே போடு என்றும் சொன்னாள். ஏன் என்று சொல்லவில்லை.

"வீட்டுல யாரு இருக்கா?"

"வூட்டுக்காரி சுஜிதான். நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டுத் தூங்கறா. போனை சைலண்ட்ல போட்டுட்டுதான் படுப்பா. ஏன்க்கா?"

"பேட்டரி எங்க வெச்சிருக்க?"

"கதவாண்ட. வேற ஏது எடம்?"

ஒற்றை அறை. ஒரே கதவு. பம்மலிலிருந்து போய்ச் சேர முக்கால் மணி நேரம்.

"கீழ உனக்குத் தெரிஞ்சவங்க யாராவது நம்பர் குடு. சீக்கிரம்."

கீழ்த்தளத்தில் இட்லிக் கடை போடும் கன்னியம்மாவின் நம்பர் கிடைத்தது. எப்சி விஷயத்தை இரண்டே வரியில் சொன்னாள்.

"லிஃப்ட் ரிப்பேராயி நாலு நாளாவுது" என்றாள் கன்னியம்மா. "இந்த முட்டிய வெச்சிகினு ஆறு மாடி ஏறினேன்னா, என்னை எறக்கத்தான் ஆள் தேடணும்."

"மீட்டர் ரூம் கீழதானே அக்கா? அவங்க வீட்டு சுவிட்சை மட்டும் ஆஃப் பண்ணுங்க."

செருப்புச் சத்தம். ஒரு கதவு கிறீச்சிட்டது.

"நம்பர்லாம் அழிஞ்சி பூட்சிமே. எது எவன் வூடுன்னு யாரு கண்டா?"

"அப்ப எல்லாத்தையும் எறக்குங்க."

"இந்த வெயில்லயா? மொத்த ப்ளாக்கும் என் கடை வாசல்ல வந்து நிக்கும்."

"என் பேரைச் சொல்லுங்க."

"உன் பேரு எவனுக்குத் தெரியும்?"

ஆனால் போனில் டக், டக், டக் என்று கேட்க ஆரம்பித்தது. வரிசையாக.

மின்விசிறி நின்றால் அந்தக் குடியிருப்பில் எவரும் படுத்திருப்பதில்லை. பக்கத்து வீட்டிலும் போயிருக்கிறதா என்று பால்கனிக்கு வந்து பார்ப்பதுதான் முதல் வேலை. ஒவ்வொரு மாடியிலும் தலைகள் முளைத்தன. "உங்க வூட்லயும் இல்லியா?" "எவன்டா கைய வெச்சது?"

எப்சி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"தோ, சுஜி எட்டிப் பாக்குறா" என்றாள் கன்னியம்மா.

"சுவர் சுவிட்சை அணைச்சிட்டு வெளில வரச் சொல்லுங்க. பேட்டரியைத் தொட வேணாம். வர்ற வழியில மாடில இருக்கற எல்லாரையும் இறக்கிக் கூட்டிட்டு வரட்டும்."

கன்னியம்மாவின் குரலுக்கு ஆறு மாடி ஒரு தூரமே இல்லை.

சில நிமிடங்கள் கழித்து, மூச்சு வாங்க, சுஜி பேசினாள்.

"அணைச்சிட்டேன். அடுப்பாண்ட நிக்கற மாதிரி அனல் அடிக்குது. இன்னாக்கா இது?"

"வந்து சொல்றேன். யாரும் மேல போக வேணாம். புகை வந்தா நூத்தியொண்ணுக்குப் போன் போடு."

எப்சி போய்ச் சேர்ந்தபோது புகை இல்லை. தனியாக மேலே ஏறி, வாசலில் நின்று மோப்பம் பிடித்தாள். வாசனையும் இல்லை. ஆனால் பேட்டரியின் ஒரு பக்கம் லேசாக உப்பியிருந்தது. மீட்டரை வைத்தாள். அறுபத்தெட்டு புள்ளி மூன்று. இன்னும் கால் மணி நேரம் ஓடியிருந்தால் என்று நினைத்தவள், அந்த நினைப்பை அங்கேயே விட்டாள். சூடு இறங்கும்வரை காத்திருந்து, மணல் நிரப்பிய தகரப் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்து, கீழே வெட்டவெளியில் இறக்கினாள்.

அதற்குள் தினகரன் வந்திருந்தான். சுஜி அவனைப் பிடிபிடி என்று பிடித்துக்கொண்டிருந்தாள்.

"திருகறதுக்கு முன்னாடி ஒருத்தரைக் கேக்க மாட்ட? ரேடியோவா அது?"

"தப்புதான் சுஜி. என் மேலதான் தப்பு."

சுற்றி நின்றவர்களும் அதையே சொன்னார்கள். எப்சி பேசாமல் வண்டியை எடுத்திருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். போர்டு பற்றி அங்கே ஒருவருக்கும் தெரியாது.

"அவன் மேல பாதிதான்" என்றாள் எப்சி. "அளவு மீறினா துண்டிக்கற போர்டு இதுல வேலை செய்யல. அதை ஒதுக்கிட்டுக் குடுத்தது நான். ஏன் சார்ஜர் மாத்தக் கூடாதுன்னு சொல்லவும் இல்ல."

கன்னியம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். தினகரன் தரையைப் பார்த்தான். சுஜி மட்டும் எப்சியின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீ சொல்லலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காதுல்ல?"

"தெரிஞ்சிருக்காது."

"இந்த பேட்டரி?"

"அவ்ளோதான். இனிமே எந்த வண்டியிலயும் ஏறாது. வேற கட்டித் தர்றேன், போர்டு வந்தப்புறம்."

சுஜி தூக்கம் கெட்ட கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழம ஷிஃப்ட் முடிச்சி நேரா பட்டறைக்கு வர்றேன். நீ கட்டும்போது பக்கத்துல உக்காந்து பாப்பேன். ஒண்ணொண்ணும் எதுக்குன்னு சொல்லிக்கினே கட்டணும்."

"வா" என்றாள் எப்சி.