தங்கப்பாண்டியனின் சாவிக்கொத்து

தங்கப்பாண்டியன் வருவதைக் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை, காதால் கேட்டாலே போதும். இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்து அவனுக்கு முன்னால் வந்து சேர்ந்துவிடும். மோட்டார் ரூம் சாவி, மருந்துக் கொட்டகைச் சாவி, பீரோ சாவி, அப்பன் காலத்திலேயே விற்றுவிட்ட வீட்டின் சாவி, எல்லாம் அதில் கிடந்தன. நடுவில் பழைய பிக்கப் வண்டியின் சாவி. கொத்து யார் இடுப்பில் இருக்கிறதோ அவன்தான் ஆம்பளை என்று நினைப்பு. பெரிய அரண்மனைக் கஜானா பாரு, திறக்கிறதுக்கு! அவன் பெண்டாட்டி பவுனு மனதுக்குள் காறித் துப்பிக்கொள்வாள்.

பவுனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். தோட்டத்துத் திராட்சையை அவளே ஓட்டிக்கொண்டு கம்பம் மார்க்கெட்டுக்குப் போக வேண்டும். டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் லைசென்சும் வாங்கிவிட்டாள். புருஷன் சாவியைக் கொடுத்தால்தானே? அவன் ஓட்டிப்போனால் வழியில் உள்ள டீக்கடையெல்லாம் சம்பந்தி வீடு. கேரளா லாரி கிளம்பிய பிறகு போய் நிற்பான். வாடிய பழத்தை, கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு வந்து, மார்க்கெட் சரியில்லை என்பான். இவள் பிள்ளை மாதிரி பார்த்து வளர்த்த கொடி அது. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அன்றைக்குப் பெட்டிகளை ஏற்றி முடித்த பிறகு வண்டி கிளம்பவில்லை. சாவி சும்மா சுற்றிச் சுற்றி வந்தது. தங்கப்பாண்டியன் பானெட்டைத் திறந்து, எல்லாம் தெரிந்தவன் மாதிரி பேட்டரியைத் தட்டினான். டயரை ஒரு உதை உதைத்தான். சாவி சுற்றுவதற்கும் டயருக்கும் என்ன சம்பந்தம் என்று அவனைத்தான் கேட்க வேண்டும். பவுனுதான் மெக்கானிக் சுருளிராஜனுக்குப் போன் போட்டு வரவழைத்தாள்.

சுருளிராஜன் பேட்டரி ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு, ஸ்டீயரிங் அடியில் கையை விட்டுப் பழைய சுவிட்சை வெளியே எடுத்தான்.

"அண்ணே, உள்ளுக்குள்ள முழுக்கத் தேஞ்சு போச்சு. இம்புட்டுக் கனத்தத் தொங்கவிட்டா எந்தச் சுவிட்சு தாங்கும்? இனிமே வண்டிச் சாவியக் கொத்துல கோக்காதீக. தனியாக் கெடக்கட்டும்."

"சுவிட்சு மட்டமான சரக்கு, அதைச் சொல்லு," என்றான் தங்கப்பாண்டியன். தன் மேல் தப்பு என்று என்றைக்கு ஒத்துக்கொண்டான், இன்றைக்கு ஒத்துக்கொள்ள?

புதுச் சுவிட்சோடு இரண்டு சாவிகள் வந்திருந்தன. சுருளிராஜன் சுவிட்சை மாட்டி, ஒரு சாவியைக் கொத்தில் கோக்காமல் தனியாகவே அதில் செருகினான். பவுனு கையை நீட்டினாள்.

"ஒண்ண எங்கிட்டக் குடுங்க. நீங்க முடியாமக் கெடந்தாலும் லோடு நேரத்துக்குப் போயிரும்ல?"

"பொம்பள லோடு வண்டி ஓட்டுனா ஊர்ல என்னைய என்னான்னு நெனைப்பாக? ஒனக்குத் தர்றதுக்கு ஆத்தா உண்டியல்ல போட்டுருவேன்!"

வாய்ச்சவடால் என்றுதான் அவள் நினைத்தாள். லோடோடு அவளும் அவன் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். வண்டி ஓடத் தொடங்கிக் கம்பம் ரோட்டில் ஏறியதும், காளியம்மன் கோயில் முன்னால் நிறுத்தினான். புதுச் சாமான் போட்டால் சூடம் காட்டாமல் போகக் கூடாதாம். என்ஜினை அணைத்தான். முன்கண்ணாடிக்குக் கீழே கிடந்த கொத்தை எடுத்து இடுப்பில் மாட்டினான். இரண்டாவது சாவியை விரலில் பிடித்து அவள் மூஞ்சிக்கு நேராக ஆட்டிக் காட்டிவிட்டு இறங்கிப் போனான்.

பவுனு உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தாள். மனுஷன் நிஜமாகவே போட்டுவிட்டான். தங்கக்காசு போடுகிறவன் மாதிரி இரண்டு கையாலும் தூக்கிப் போட்டான். அங்கே நின்ற நாலு பேர் பார்க்கிறார்களா என்று திரும்பி வேறு பார்த்தான்.

"த்தூ! ஆத்தாளுக்கு எதுக்குய்யா வண்டிச் சாவி? அவளுக்குத்தான் சிங்கம் இருக்கே!"

இவனோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியதை நினைக்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. உள்ளே அவன் யாரோடோ கதை பேசத் தொடங்கியிருந்தான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, பின்னால் பழம் வேகும். இனி லாரி எங்கே கிடைக்கப் போகிறது என்று பெருமூச்சு விட்டுத் திரும்பியவள் கண்ணில் பட்டது, ஸ்டீயரிங் ஓரத்தில் சாவி.

கொத்தை எடுத்தால் வண்டிச் சாவியும் கூடவே வந்துவிடும் என்று பழகிய கை. எடுக்க மறந்துவிட்டது என்பதுகூட அந்த மகாராசனுக்குத் தெரியாது.

டிரைவிங் ஸ்கூல் கார் வேறு, லோடு ஏற்றிய வண்டி வேறு. ஆனாலும் அந்தப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பினாள். முதல் தடவை ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. அடுத்த தடவை கிளம்பிவிட்டது.

"ஏலே, வண்டி! வண்டி!" என்று கத்திக்கொண்டு அவன் ஓடி வருவது கண்ணாடியில் தெரிந்தது. இடுப்புக் கொத்து சலசலவென்று அடித்தது. நிறுத்தலாமா என்று அவள் யோசிக்கத்தான் செய்தாள். நிறுத்தினால் இந்த ஜென்மத்தில் இன்னொரு தடவை கிடைக்காது. கியரை மாற்றினாள்.

மார்க்கெட்டில் கேரளா லாரி நின்றுகொண்டிருந்தது. வியாபாரி பெட்டியைத் திறந்து, ஒரு பழத்தை வாயில் போட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்.

"எங்கம்மா, அண்ணன் வரலையா?"

"கோயில்ல நிக்கிறாக."

"நாளைக்கும் லோடு இருக்குல்ல? யாரு கொண்டாருவா?"

"நான்தான் கொண்டாருவேன்," என்றாள் பவுனு. "அவுக வந்தா, பக்கத்துல ஏறி ஒக்காந்துக்கிரட்டும்."