உச்சி வெயிலில் நிற்கும் பம்பு

சோலார் பேனல்களைக் கூட்டினால் தண்ணீரும் கூடவேண்டும். எங்கள் ஊரில் குறைந்தது.

முதலில் ஆறு பேனல்கள்தான் இருந்தன. பொழுது சாய்வதற்குள் தொட்டி நிறைந்துவிடும். பெண்கள் சேர்ந்து வெங்காயத் தோட்டம் போட்டபோது, அதற்கும் சேர்த்து இறைக்கட்டும் என்று என் தோழி எலுபே வீடு வீடாகப் பேசி இன்னும் நான்கு வாங்க வைத்தாள். அன்றிலிருந்து பிடித்தது வினை. காலையில் மளமளவென்று ஓடும் பம்பு, வெயில் உச்சிக்கு ஏறியதும் நின்றுவிடும். பம்பைக் கட்டுப்படுத்தும் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும். அரை மணி கழித்துத் தானாகக் கிளம்பும். கொஞ்சம் ஓடிவிட்டு மறுபடி நிற்கும்.

சிவப்பு விளக்கின் பொருள் எல்லோருக்கும் தெரியும். ஆழ்துளைப் போருக்குள் பம்பு தொங்கும் ஆழத்தில் தண்ணீர் இல்லை. வெறுமனே ஓடினால் பம்பு கருகிவிடும் என்பதால் பெட்டியே நிறுத்திவிடுகிறது. ஆகவே போர் வற்றுகிறது என்று தண்ணீர்க் குழு முடிவு கட்டியது. வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கூடி, தோட்டத்துக் குழாயை அடைத்துவிடுவதாக ஏற்பாடு. அடைத்தால் நாங்கள் நட்ட வெங்காயம் அத்தனையும் காய்ந்து சருகாகும். ஊரையே பேனல் வாங்க வைத்த எலுபேயின் பேச்சை அதன்பின் யார் கேட்பார்கள்?

குழுத் தலைவர் ஜைலோசி அவளுக்குத் தாய்மாமன் மகன். கேலி பேசும் உரிமை உள்ளவர். உரிமையைச் சும்மா விடுகிறவரும் அல்லர்.

"எலுபே, உன் பம்பு பெரிய மனுஷன் ஆயிடுச்சுடி. மத்தியானமானா நிழல்ல தூங்கணுமாம். பாய் போட்டுக் குடேன்!"

"உங்ககிட்டதான் கத்துக்கிச்சு மச்சான். வேற யாரு இந்த ஊர்ல பகல்ல தூங்குறா?"

சிரித்துவிட்டு அவர் குரலைத் தாழ்த்தினார். "குழாயை அடைக்க எனக்கு மட்டும் ஆசையா? குடிக்கத் தண்ணி முதல்ல. தோட்டம் அப்புறம்தானே?"



அந்த வாரம் முலாஞ்சே மலைப்பக்கமிருந்து சிப்பெரோனி என்னும் குளிர்காற்று இறங்கியது. குளிரும் தூறலும் மூடுபனியுமாகச் சூரியன் முகத்தையே காட்டவில்லை. பம்பு நாள் முழுக்க முனகிக்கொண்டே ஓடியது. ஒரு தடவைகூட நிற்கவில்லை. சாயங்காலம் பார்த்தால் தொட்டி நிரம்பி வழிகிறது!

"வெயில் இல்லாத நாள்ல எப்படி அதிகத் தண்ணி?" என்று எலுபே என்னையே கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு எங்கே தெரியும்?

பனி விலகியதும் துணி துவைக்க ஓடைக்குப் போனோம். தூறல் மண்ணை நனைத்ததோடு சரி, ஓடை வற்றிக் கிடந்தது. மணலில் ஆளுக்கொரு ஊற்று தோண்டினோம். நான் அவசரக்காரி, வாளியை முக்கி ஒரே இழுப்பாக இழுத்தேன். பாதிக்குமேல் சேறு. ஊறட்டும் என்று குந்திக் காத்திருந்தேன். எலுபே கோப்பையால் நிதானமாக மொண்டுகொண்டே இருந்தாள். அவள் ஊற்று கலங்கவே இல்லை. என் குடத்துக்கு முன்னால் அவள் குடம் நிறைந்தது.

கோப்பை பாதியில் நின்றது.

"அடியே, பம்பும் உன்னை மாதிரிதான் வாளியால இறைக்குது! போர் வத்தலடி. உச்சி வெயில்ல பத்துப் பேனலும் சேர்ந்து ஓட்டுறதால, ஊறுறதுக்கு முன்னாடியே உறிஞ்சிடுது."

துணியைப் போட்டது போட்டபடி போர் அருகே ஓடினோம். பம்பு நின்றிருந்தது. மூடியில் உள்ள சிறு துளை வழியே கயிற்றில் கல் கட்டி இறக்கினாள். வெகு ஆழத்தில்தான் நனைந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி இறக்கியபோது தண்ணீர் பழைய மட்டத்துக்கே ஏறியிருந்தது. பெட்டிக்கு அது தெரியாது. அரை மணி ஆகாமல் எழுப்பாது. வீணானது அந்தக் காத்திருப்பு நேரம்தான்.

ஜைலோசியைக் கூப்பிட்டு, வெளிவரும் குழாயின் வால்வைக் குறுக்கவேண்டும் என்றாள்.

"தண்ணி பத்தலன்னு அழுதுட்டு, வர்ற வழியையும் மூடுறியா? பைத்தியமா உனக்கு?"

"ஞாயித்துக்கிழமைவரைக்கும் பொறுங்க மச்சான். ஆகலன்னா நானே தோட்டத்துக் குழாயை அடைக்கிறேன்."

முதல் நாள் வால்வைக் கால்வாசி மூடினாள். உச்சி தாண்டியதும் சிவப்பு எரிந்தது. ஜைலோசி உதட்டைப் பிதுக்கினார். மறுநாள் சனிக்கிழமை, பாதி மூடினாள். வெயில் மண்டையைப் பிளந்தது. நாங்கள் மூவரும் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றோம். விளக்கு எரியவில்லை.

"அப்போ அந்த நாலு பேனலும் தண்டமா?" என்றார் அவர்.

"இல்ல மச்சான். அதுங்க இருக்கறதாலதான் பம்பு விடியும்போதே கிளம்புது, இருட்டுற வரைக்கும் ஓடுது. பனி நாள்லயும் ஓடுது. நடுப்பகல்ல மட்டும் அதைப் பிடிச்சு வெக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக் குழாயை யாரும் அடைக்கவில்லை. வால்வு பாதி திறந்திருக்கிறது. போரில் ஊறும் வேகத்துக்கே பம்பு இறைக்கிறது, அதனால் நிற்பதில்லை. தொட்டி நிறைந்தபின் மிச்சம் வெங்காயத்துக்குப் பாய்கிறது.