காதால் வாங்கிய கேமரா

மின்விசிறித் தொழிற்சாலையில் அவளுக்குச் சத்தம் பார்க்கிற வேலை. ஓடுகிற விசிறிக்குக் கீழே ஒரு நிமிடம் நின்றால் போதும், எந்தத் திருகு சரியாக முடுக்கப்படவில்லை என்று சொல்லிவிடுவாள். அதனால் கையடக்க வீடியோ கேமரா வாங்கப் போன கடையில், விற்பனையாளரின் பருப்பு அவளிடம் வேகவில்லை.

"மேடம், இதுல முப்பது மடங்கு ஜூம். நிலாவையே புடிக்கலாம்."

"நிலா பேசாதுங்க" என்றாள்.

அவளுக்கு வேண்டியது குரல். திங்கட்கிழமை அப்பாவுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை. அதன்பிறகு பேச்சு வராது என்று மருத்துவர் உடைத்தே சொல்லிவிட்டார். பேருந்து நிலையத்தில் முப்பது வருடம் அறிவிப்பாளராக இருந்த மனிதர். அந்தக் குரல் வீட்டை விட்டுப் போகக் கூடாது, அவ்வளவுதான்.

கூட வந்திருந்த அப்பா கடை ஸ்டூலில் உட்கார்ந்து வாய் ஓயாமல் நையாண்டி செய்துகொண்டிருக்க, அவள் தன் மெமரி கார்டை விற்பனையாளர் காட்டிய மூன்று கேமராக்களிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பதிவு செய்தாள். பிறகு ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முதலாவதில் ஜூம் நகரும்போதெல்லாம் கர்ரென்று மோட்டார் சத்தம். இரண்டாவது, கடையின் மின்விசிறியைத்தான் பெரிய மனிதராக மதித்தது. மூன்றாவது உள்ளங்கையில் அடங்குகிற பொடியன். நிழலில் படம் கொஞ்சம் மங்கல்தான், ஆனால் பேச்சு பேச்சாகவே விழுந்தது. விலை குறைந்ததும் அதுதான். விற்பனையாளர் முகம் வாடியதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை.

வீட்டில் அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து உட்கார்ந்தார். சிவப்பு விளக்கு எரிந்ததும் முதுகு தானாக நிமிர்ந்தது.

"என் அன்பு மகளின் கனிவான கவனத்திற்கு" என்று தொடங்கினார்.

"ப்பா, சாதாரணமா பேசுங்க."

"சாதாரணமாத்தான் பேசுறேன்." இதுவும் அறிவிப்பாகவே வந்தது.

ஆறு முறை எடுத்தாள். ஆறு முறையும் பேருந்து கிளம்பியது. இது ஊருக்கே சொந்தமான குரல், எனக்கு மட்டும் உள்ளது எங்கே என்று அவளுக்குப் பகீரென்றது. ஒன்றும் ஓடாமல், கடையில் எடுத்த சோதனைப் பதிவுகளை அழிக்க உட்கார்ந்தாள். சோதனைத் துண்டை அன்றே குப்பையில் போடுவது தொழிற்சாலைப் பழக்கம். போடுமுன் ஒரு முறை ஓட்டிப் பார்ப்பதும் பழக்கம்.

திரையில் விற்பனையாளரின் பாதி முகம். பின்னாலிருந்து ஒரு குரல்: "ஏ சுண்டெலி, அந்த ஆளை விடுடி. பாவம், அவருக்கு வேர்த்தே போச்சு."

நாற்பது வயதுக்காரியை அப்படிக் கூப்பிட உலகத்தில் வேறு ஆள் இல்லை. அழிக்கும் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். கண் நிறைந்துவிட்டது.

அப்பா எட்டிப் பார்த்தார். "இதுல என் மூஞ்சியே இல்லையே."

"மூஞ்சி எங்கயும் போகாதுப்பா."

அவர் இஸ்திரிச் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டார். அவள் புதிய பதிவைத் தொடங்கி, கேமராவை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தாள்.

"அங்க என்னத்தப் புடிக்குற, சுண்டெலி? எதிர்வீட்டுச் சுவரா? கேமரா வாங்கின லட்சணத்தைப் பாரு" என்று ஆரம்பித்தார்.

அவள் வாயைத் திறக்கவில்லை. கார்டில் இன்னும் மூன்று மணி நேரத்துக்கு இடம் இருந்தது.